சமுகத்தப்பம் சுட்ட கைகள்

நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் எல்லோருக்கும்,

அக்காமாரே, தங்கச்சிமாரே,

போன பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின இரவு உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் அசனத்துக்காக ஆலயத்துக்குப் பின்னால் பாய் விரித்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கத்தரிக்காய் ஒரு பக்கம், முருங்கைக்காய் ஒரு பக்கம், சின்ன வெங்காயம் உரிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம். உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாட்டு நன்றாகக் கேட்டது. பிரசங்கத்தில் பாதி கேட்டது, மீதி அரிவாள்மணைச் சத்தத்தில் போயிற்று. அப்போது நம்மில் ஒருத்தி சொன்னாள்: "தேவ பிரசன்னமெல்லாம் உள்ள இருக்கிறவங்களுக்குத்தான்க்கா. நமக்கு அடுப்படிதான்." எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தச் சொல் இன்றுவரை என் மனதைவிட்டுப் போகவில்லை. வாய்விட்டுச் சொன்னவள் ஒருத்தி. உள்ளுக்குள் சொல்லிக்கொண்டவர்கள் பலர் என்று எனக்குத் தெரியும். விடியும் முன் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பீடித்தட்டோடு உட்காருகிறவள், இரவுப் பணி முடித்துக் காலையில் வீட்டு வேலையைத் தொடங்கும் நர்ஸ், படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஒருநாளைக்குப் பத்துமுறை புரட்டிப் படுக்க வைக்கிற மருமகள், எல்லோரும் என்னிடம் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "ஜெபிக்க நேரமே கிடைக்கல டீச்சர். ஆண்டவரை விட்டு ரொம்பத் தூரம் வந்துட்ட மாதிரி இருக்கு." உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நீங்கள் தூரம் வரவில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் நம் பேச்சையே கவனித்துப் பாருங்கள். கன்வென்ஷன் பந்தலிலிருந்து திரும்பும்போது "இன்னைக்குப் பிரசன்னம் இறங்குச்சு" என்கிறோம். பாட்டு சரியாக அமையாத ஞாயிற்றுக்கிழமையில் "இன்னைக்கு ஒண்ணுமே இல்ல" என்கிறோம். மழை பெய்வதும் காய்வதும் போல ஆண்டவர் வருவார், போவார் என்று நம்மை அறியாமலே நம்பத் தொடங்கிவிட்டோம். சபையாகக் கூடும்போது அவர் தரும் நிறைவை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் கூடினாலே நடுவில் இருப்பதாக வாக்களித்தவர் அவர். ஆனால் பந்தலைப் பிரிக்கும் அன்றைக்கே அவரையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோமே, அதுதான் என் துக்கம்.

நம் வேதாகமத்தில் பிரசன்னத்துக்கு ஒரு பழைய சொல் உண்டு: சமுகம். சமூகம் என்று நீட்டிப் படித்துவிடாதீர்கள், அது வேறு சொல். சமுகத்துக்குள் முகம் இருக்கிறது. ஒருவர் முகத்துக்கு நேரே நிற்பதுதான் சமுகம். எபிரெய மொழியிலும் இப்படித்தான். 'பானீம்' என்றால் முகம், அந்தச் சொல்லேதான் தேவசமுகத்தையும் குறிக்கும். ஆசரிப்புக் கூடாரத்தின் மேசைமேல் வைத்த அப்பத்துக்கு எபிரெயத்தில் முகத்தின் அப்பம் என்று பெயர். தமிழில் நம் முன்னோர் அதைச் சமுகத்தப்பம் என்றார்கள். அது எப்படி இருக்க வேண்டும் என்று லேவியராகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. மெல்லிய மாவில் 12 அப்பங்கள். அடுக்குக்கு ஆறாக இரண்டு அடுக்கு. ஓய்வுநாள்தோறும் புதிதாக வைக்க வேண்டும்.

சகோதரிகளே, அந்த அப்பம் வானத்திலிருந்து விழவில்லை. வாரம் தவறாமல் யாரோ மாவு பிசைந்தார்கள், யாரோ அனலுக்குப் பக்கத்தில் நின்று சுட்டெடுத்தார்கள். அது கோகாத்தியரில் சிலருடைய பொறுப்பு என்று 1 நாளாகமம் 9ஆம் அதிகாரம் குறித்து வைத்திருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில், சட்டியில் பலகாரம் சுடும் வேலையைக் கவனித்தவன் சல்லூமின் மூத்த மகன் மத்தித்தியா என்று பெயரோடும் தகப்பன் பெயரோடும் எழுதியிருக்கிறது. பாடகர்கள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். தேவாலயத்தின் வேலைப் பட்டியலில் சட்டி பிடித்தவனின் பெயரை மறக்காமல் எழுதிவைத்த ஆண்டவர், நம் அடுப்படிக்கு வெளியே நின்றுவிடுவாரா?

"மார்த்தாளை அவர் கண்டித்தாரே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். சமைத்ததற்காக அவர் கண்டிக்கவில்லை. பல காரியங்களை மனதில் போட்டுக் கலங்கி, பக்கத்தில் இருந்தவரையே மறந்ததற்காகத்தான் கண்டித்தார். அதன் பிறகு யோவான் 12ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பெத்தானியாவில் ஒரு விருந்து, பரிமாறுகிறவள் அதே மார்த்தாள். இந்தத் தடவை அவள் முறையிடவில்லை, அவரும் கண்டிக்கவில்லை. கை பழைய வேலையைத்தான் செய்கிறது. இடையில் அவள் தன் சகோதரன் லாசருவின் கல்லறை வாசலில் நின்றிருந்தாள், உயிர்த்தெழுதலும் ஜீவனுமானவர் யார் என்று கண்டிருந்தாள். மாறியிருந்தது மனம்தான் என்று நான் வாசிக்கிறேன்.

இப்படியே வாழ்ந்து காட்டிய ஒரு சமையல்காரரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இன்றைய பிரான்சு நாட்டு லொரேன் பகுதியில் 1614ஆம் ஆண்டு வாக்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு நிக்கோலா எர்மான் என்று பெயர். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இது தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற நினைப்பு வந்ததும் தேவனுடைய பராமரிப்பு மனதில் ஆழமாகத் தைத்தது. போர்வீரனாகப் போய்க் காயம்பட்டதால் கால் ஊனமாயிற்று. பிறகு ஒரு பெரிய மனிதரிடம் ஏவலாளாக இருந்தார். கைக்குக் கிடைத்ததையெல்லாம் உடைத்துவிடுவார் என்று அவரே தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் ஆனார். அவர் குருவும் இல்லை, பிரசங்கியும் இல்லை. மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சமையல். அது அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. அதிலேயே ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருந்தார். அதற்குப் பிறகு சகோதரர்களின் செருப்புகளைத் தைத்தார்.

அந்த அடுப்படியில் அவர் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார். வேலையைத் தொடங்கும்போது, நடுவில், முடித்த பிறகு, பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பேசுவது போல ஆண்டவரிடம் ஓரிரு சொல் பேசினார். அவ்வளவுதான். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாகக் கேட்டுக் கூச்சலிடும் சமையலறையும், முழங்காலில் நிற்கும் ஜெபவேளையும் போகப்போக அவருக்கு ஒன்றாயின. ஜோசப் த போஃபோர் என்ற குருவானவர் 1666இல் தொடங்கி அவரைச் சந்தித்துப் பேசியதைக் குறித்து வைத்தார். 1691 பிப்ரவரி 12ஆம் தேதி லாரன்ஸ் இறந்த பிறகு, அந்த உரையாடல்களும் அவருடைய சில கடிதங்களும் அச்சாயின. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்காத வேலையில் நின்ற ஒரு சமையல்காரர் கண்டுகொண்டதைத்தான் எல்லோரும் தேடிப் படிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி வரும். "நானும் பேசிப் பார்த்தேன் டீச்சர், ஒண்ணும் உணர முடியலையே?"

உணர்வும் சமுகமும் ஒன்றில்லை. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லாரன்சுக்கே முதல் பத்து ஆண்டுகள் பெரும் வேதனையாகத்தான் இருந்தன. ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்த்தர் யோசேப்போடு இருந்தார் என்ற செய்தி அந்த ஒரே அதிகாரத்தில் நாலு தடவை வருகிறது. இரண்டு தடவை போத்திபாரின் வீட்டில், இரண்டு தடவை சிறைச்சாலையில். யோசேப்புக்கு அந்தச் சமயம் புல்லரித்ததா, கண்ணீர் வந்ததா என்று வேதம் ஒன்றும் சொல்லவில்லை. கூட இருந்தார் என்பதை மட்டும் சொல்கிறது. வீடு மாறிச் சிறை வந்தபோதும் அந்த வாக்கியம் மாறவில்லை.

கொல்கத்தாவின் அன்னை தெரேசாவை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் வெளிவந்தன. வீதியில் கிடந்தவர்களைத் தூக்கிக் கழுவிய ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் உள்ளத்தில் இருட்டுத்தான் இருந்தது, தேவன் பக்கத்தில் இருக்கிற உணர்வே அவருக்கு இல்லை என்று படித்து உலகம் திகைத்தது. உணர்வு வற்றிய பிறகும் ஒவ்வொரு நாளும் எழுந்து ஜெபித்தார், எழுந்து வேலைக்குப் போனார். உங்களில் வறண்டுபோய் நிற்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஜில்லாவிலேயே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழியில் விழுந்து அடிபட்டார். ஓடியாடிப் பிள்ளைகளை மீட்டு வளர்த்தவர் அதற்குப் பிறகு, 1951 ஜனவரியில் கண்மூடும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் ஒரே அறையில்தான் கழித்தார். அந்த அறைக்குச் சமாதான அறை என்று பெயர். வலியோடு அங்கே கிடந்தே புத்தகங்கள் எழுதினார். கல்லறைக்குமேல் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் நீர் குடிக்கும் ஒரு தொட்டி மட்டும் அங்கே இருக்கிறது. படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிற தங்கச்சி, நீ நிற்கும் அறையையும் ஆண்டவர் சமாதான அறையாக ஆக்குவார். கிடப்பவருக்கும் ஆக்குவார், பக்கத்தில் நிற்பவளுக்கும் ஆக்குவார்.

இதுவரை ஆறுதலைச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது எனக்கே கசப்பானது. ஆனால் இதை விட்டுவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன்.

நம் வீடுகளில் பலவற்றின் கூடத்தில் ஒரு பலகை தொங்கும். கிறிஸ்துதான் வீட்டுத் தலைவர், சாப்பாட்டுக்கு உட்காரும்போது நம் கண்ணுக்குத் தெரியாமல் விருந்தாளியாக இருப்பவரும் அவரே, நாம் பேசுவதையெல்லாம் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவரும் அவரே என்று அதில் எழுதியிருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடித்து வந்தேன். வீட்டு வேலைக்கு வரும் பெண் அன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். என்ன ஏது என்று கேட்காமல், பசித்த வயிற்றோடு, சொல்லக் கூடாத சொல்லெல்லாம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. தலையைத் தூக்கி அந்தப் பலகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவள் பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தாள். ஆனாலும் அந்தப் பார்வை எனக்குள் இன்னும் இருக்கிறது. சத்தமில்லாமல் கேட்பவர் அன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது ஆறுதல் மட்டும் என்றால், அதை நாம் பாதிதான் நம்புகிறோம். 139ஆம் சங்கீதம் எங்கே போனாலும் அவர் இருக்கிறார் என்று பாடிவிட்டு, என்னைச் சோதித்துப் பாரும் என்ற விண்ணப்பத்தில் போய் முடிகிறது. யோசேப்பும் அப்படித்தான். பாவத்துக்கு அழைத்த போத்திபாரின் மனைவியிடம் அவன் மறுத்துச் சொன்ன காரணம், தேவனுக்கு விரோதமாக எப்படிப் பாவம் செய்வேன் என்பதுதான். நம் சமையலறையில் ஒருத்திக்கு மட்டும் தனித் தம்ளர் வைத்திருக்கிறோமா? பெண் பார்க்கும்போது ஞானஸ்நானத்தை விட்டுவிட்டுச் சாதியை விசாரிக்கிறோமா? அப்படியானால் அந்தப் பலகையைக் கழற்றி வைத்துவிடுவதுதான் நேர்மை.

பிராங்க் லாபாக் என்ற அமெரிக்க மிஷனெரியையும் தேவசமுகம் இப்படித்தான் சோதித்தது. பிலிப்பைன்சின் மிந்தனாவோ தீவில் மரனாவ் இன முஸ்லிம்களின் நடுவில் தனியாக இருந்தார். 1930இல், 45 வயதில், ஒவ்வொரு நிமிடமும் தேவனை நினைத்து வாழ முடியுமா என்று சோதித்துப் பார்க்கத் தொடங்கி, தோற்ற நாட்களையும் மறைக்காமல் தகப்பனாருக்கு எழுதினார். அங்கே ஒரு மாலையில், குன்றின்மேல் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, இந்த மக்களைவிடத் தான் உயர்ந்தவன் என்ற எண்ணம்தான் தன் ஊழியத்துக்குத் தடை என்று கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அவர்களுடைய மொழியையும் வேதத்தையும் அவர்களிடமே மாணவனாக உட்கார்ந்து கற்றார். அவர் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் அங்கிருந்துதான் பல நாடுகளுக்குப் போயிற்று. தேவனுக்கு அருகே போனவரை அவர் மனிதருக்கு அருகே அனுப்பினார். அனுப்பாத அருகாமை ஏதாவது இருந்தால், அது அவருடையதுதானா என்று சோதித்துப் பாருங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? புதிதாக ஒரு மணி நேரத்தைத் தேடாதீர்கள். இருக்கிற வேலையிலேயே ஜெபத்தை ஆணி அடித்து மாட்டுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும்போது, "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்" என்று சொல்லுங்கள். பீடி சுற்றுகிறவள் இருபத்தைந்து முடித்து ஒரு கட்டுக் கட்டும்போது ஒரு பெயரை அவரிடம் சொல்லட்டும். ஒரு கட்டுக்குப் பிள்ளை, ஒரு கட்டுக்குக் கணவன், ஒரு கட்டுக்கு உன்னோடு பேசாமல் இருக்கிற நாத்தனார். நர்ஸ் அக்கா ஒவ்வொரு கட்டிலுக்கும் போகும் முன் ஒரு மூச்சளவு நிற்கட்டும். கோயில் மணி கேட்டால், கையில் எந்த வேலை இருந்தாலும் நெஞ்சு ஒரு நொடி அவர் பக்கம் திரும்பட்டும். பெரிய வார்த்தைகள் வேண்டாம். நம் பாட்டிமார் பாரம் தூக்கும்போதும் இறக்கும்போதும் "இயேசப்பா" என்பார்களே, அது போதும். கோபம் வரும்போது கோபமாகவே சொல்லுங்கள். ஆகார் வனாந்தரத்தில் இனிய சொல்லைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. துரத்தப்படுவது போல ஓடிவந்த அந்த அடிமைப் பெண்தான், தன்னைக் காண்கிறவர் என்று தேவனுக்குப் பெயரிட்டாள்.

மறந்துபோவீர்கள். நானும் மறக்கிறேன், சில நாள் பகல் முழுவதும் மறந்துபோய், விளக்கை அணைக்கும்போதுதான் நினைவு வருகிறது. அப்போது உங்களையே திட்டிக்கொண்டு இன்னொரு மணி நேரத்தையும் வீணாக்காதீர்கள். லாரன்சும் தவறினால் அதை அப்படியே ஒப்புக்கொண்டு, அதிலேயே உழலாமல், உடனே வேலைக்குத் திரும்புவார். மறந்தவர்கள் நாம். அவர் நம்மை மறந்திருக்கவில்லை. மத்தேயு தம் நூலை இம்மானுவேல் என்ற பெயரோடு தொடங்கி, எல்லா நாட்களிலும் உங்களோடு இருக்கிறேன் என்று உயிர்த்தவர் சொன்ன வாக்கோடு முடிக்கிறார். எல்லா நாட்களிலும் என்றால் திங்கட்கிழமையும் அதில் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யோவான் 21ஆம் அதிகாரத்தில், மரணத்தை வென்றவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீஷர்களுக்காகக் காத்திருக்கிறார். அடுப்புப் புகை அவர் முகத்திலும் பட்டிருக்கிறது. அடுத்த அசனத்துக்கு நாம் ஆலயத்துக்குப் பின்னால் பாய் விரிப்போம். அப்போது முதல் வெங்காயத்தை உரிக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம். அவர் உள்ளேயும் இருக்கிறார், நம் நடுவிலும் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கத்தியை எடுப்போம். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்ன தங்கச்சி என் பக்கத்தில் வந்து உட்காரட்டும். அவளுக்கென்று இடம் போட்டு வைக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி